110க்கு 20 வால்வு எஞ்சின்: போடலாமா, வேண்டாமா?

2024 மாசி 11, அக்கரைப்பற்றுத் தம்பி ஒருவரின் கேள்வி

"அண்ணன், என்னிடம் டொயோட்டா கொரோலா 110 இருக்கிறது. 5ஏ-எஃப்இ எஞ்சின், மனுவல் கியர். தினமும் கல்முனைக்கு வேலைக்குப் போய் வருகிறேன். நல்ல கார்தான், ஆனால் ஓட்டும்போது ஒரு உயிர் இல்லை. 4ஏ-ஜிஇ 20 வால்வு, கறுப்பு மூடி எஞ்சின் போட்டால் ஓட்ட ஓட்ட ஆசையாக இருக்கும் என்கிறார்கள். நேராக உட்காருமா? தினமும் ஓடத் தாங்குமா?"

மாசி 11, இரவு

உட்காரும். 5ஏயும் 4ஏயும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இரண்டிலும் பிஸ்டன் ஏறி இறங்கும் நீளம் 77 மில்லிமீற்றர். சிலிண்டரின் அகலம்தான் வேறு, 5ஏயில் 78.7, 4ஏயில் 81. அதனால் ஒன்று 1,498 சீசி, மற்றது 1,587 சீசி. வயரிங்கும் கம்பியூட்டர் பெட்டியும் எஞ்சினோடு சேர்ந்தே வரவேண்டும். 20 வால்வில் வெள்ளி மூடி, கறுப்பு மூடி என்று இரண்டு வகை. வெள்ளி மூடிக்கு உள்ளே போகும் காற்றை அளக்கிற மீற்றர், கறுப்பு மூடிக்கு அழுத்தத்தை அளக்கிற சென்சர். ஒன்றின் வயரிங் மற்றதுக்கு உதவாது. கறுப்பு மூடி 165 குதிரைவலு, வெள்ளி 160. உன்னுடைய 5ஏ நூறு குதிரைவலு.

நான் களுவாஞ்சிகுடி. என்னுடையதும் 110தான், அதே 5ஏ. தினமும் மட்டக்களப்புக்குப் போய்வர 60 கிலோமீற்றர் அளவில் வரும். நானும் இரண்டு வருசமாக அந்த எஞ்சினுக்குத்தான் காசு சேர்க்கிறேன். போடு.

மாசி 12

நேற்று எழுதியதைக் காலையில் திரும்ப வாசித்தேன். "போடு" என்பதை அப்படியே விட மனம் வரவில்லை.

அந்த 165 குதிரைவலு எஞ்சின் நிமிடத்துக்கு 7,800 சுற்றுச் சுற்றும்போது வருவது. அந்த எஞ்சினோடு வந்த சி56 கியர்பெட்டியில் இரண்டாம் கியரின் விகிதம் 1.904, பெட்டியிலிருந்து சில்லுக்குப் போகும் கடைசிப் பல்லின் விகிதம் 4.312. என் காரில் இருக்கும் 185/65 ஆர்14 ரயர் ஒரு சுற்றுக்கு 1.87 மீற்றர் போகும். பெருக்கிப் பார்த்தால், இரண்டாம் கியரில் 7,800 சுற்றைத் தொடும்போது கார் 107 கிலோமீற்றர் வேகத்தில் இருக்கும். ஊருக்குள் நமக்கு 50, வெளியே 70. முதலாம் கியரில் மட்டும்தான் அந்த உச்சியைச் சட்டத்துக்குள் தொடலாம், அதுவும் 64இல். செட்டிபாளையத்துக்கும் குருக்கள்மடத்துக்கும் நடுவில், சைக்கிளில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற நேரத்தில், எனக்கு அந்த வேகம் தேவையில்லை.

அப்படியென்றால் தினமும் நான் ஓட்டுகிற 1,500 முதல் 3,500 சுற்றுக்குள் 20 வால்வு என்ன தரும்? அந்த இடத்தில் இழுவை பெரும்பாலும் சீசியிலிருந்து வருவது. 1,498க்கும் 1,587க்கும் வித்தியாசம் 6 வீதம். இரண்டு வருசம் சேர்த்த காசுக்கு 6 வீதம். இது மண்டைக்குள் நிற்கிறது.

மாசி 12, பின்னேரம்

இன்னொன்று. எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும், காப்புறுதிக்காரருக்கும் எழுத்தில் சொல்ல வேண்டும். பதியாமல் ஓடி, ஒரு விபத்து வந்தால் காப்புறுதி கைவிரித்துவிடலாம். "எல்லாரும் அப்படித்தான் ஓடுகிறார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஓடட்டும். உன் காரில் உன் வீட்டு ஆட்கள் ஏறுவார்கள் தம்பி, நீ பதிந்து ஓடு.

மாசி 18

எஞ்சின் மாற்றுகிற கதைக்கு முன்னால், இருக்கிற எஞ்சின் முழுதாக வேலை செய்கிறதா என்று பார்த்தாயா? நானே பார்த்ததில்லை. இன்று ஞாயிறு, சாய்ந்தமருதில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் காக்காவிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே காக்கா என்போம்) கம்பிரஷன் மீற்றர், அதாவது சிலிண்டருக்குள் வரும் அழுத்தத்தை அளக்கிற மீற்றர், வாங்கி வந்து வீட்டு முற்றத்தில் வைத்துப் பார்த்தேன்.

எஞ்சினைச் சூடாக்கி, நாலு பிளக்கையும் கழற்றி, பெற்றோல் பாயாமலும் நெருப்புப் பொறி வராமலும் பியூஸை எடுத்துவிட்டு, மீற்றரை ஒவ்வொரு துளையிலும் திருகி, மனைவி அக்ஸிலேட்டரை முழுக்க அமத்திப் பிடிக்க, ஸ்டார்ட்டரை ஏழெட்டுச் சுற்று அடித்தோம். ஒன்று 178 பிஎஸ்ஐ, இரண்டு 175, மூன்று 176. நாலாவது 138. மீற்றர் பிழை என்று நினைத்து இரண்டு தரம் அடித்தேன். 138, பிறகு 140.

நாலாவது துளைக்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஓயில் ஊற்றி மறுபடி அடித்தால், ஊசி ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு சரியாக மூடவில்லை. ஊற்றினேன். 142. ஏறவில்லை என்றுதான் அர்த்தம். ரிங் நன்றாக இருக்கிறது, வால்வில் ஏதோ.

எத்தனை காலமாக மூன்றரை சிலிண்டரில் ஓடியிருக்கிறேன் என்று தெரியவில்லை. காலையில் கொஞ்சம் நடுங்கும், அது எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் என்று நினைத்திருந்தேன்.

மாசி 25

காக்காவின் கராஜில் வால்வு மூடியைக் கழற்றினோம். காரை முதல் நாள் இரவே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன், ஏனென்றால் வால்வுக்கும் அதை அமத்துகிற கேமுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பார்க்கும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். காற்று வரும் பக்க வால்வுகளுக்கு 0.15 முதல் 0.25 மில்லிமீற்றர். அவை எல்லாம் சரி. நாலாவது சிலிண்டரின் புகைப் பக்கத்து வால்வு ஒன்றில் இடைவெளி அளக்கிற 0.10 தகடுகூட நுழையவில்லை. அதாவது அந்த வால்வு சூடாகும்போது நீண்டு, இருக்கையில் முழுக்க உட்காராமல் எப்போதும் ஒரு மயிரிழை திறந்தே நின்றிருக்கிறது.

காக்கா அந்த வால்வின் தலையில் இடைவெளிக்காக வைக்கிற வட்டத் தகட்டை விரல் நுனியில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். ஒரு ரூபாய்க் குற்றியைவிடக் கொஞ்சம் பெரிது. "தம்பி, உங்கட காருக்கு இவ்வளவுதான் வருத்தம்" என்றார். அவரிடம் பழைய தகரப் பெட்டி ஒன்றில் இப்படி நாற்பது ஐம்பது தகடு கிடக்கிறது, ஒவ்வொன்றையும் மைக்ரோமீற்றரில் அளந்து பேனையால் எழுதி வைத்திருக்கிறார். மெல்லியதாக ஒன்று தேடிப் போட்டார். வால்வின் முகம் கருகியிருந்தால் இதோடு முடியாது, வால்வுகள் இருக்கிற ஹெட்டையே இறக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னார். கருகவில்லை. இப்போது நாலாவது 170.

வரும்போது பெரியகல்லாற்றுப் பாலத்தில் மூன்றாம் கியரில் அமத்தினேன். இது என் கார்தானா என்று இருந்தது.

மாசி 26

தம்பி, நீ கம்பிரஷன் பார்த்தாயா? அதைப் பார்க்காமல் அடுத்த கேள்வி கேட்காதே.

பங்குனி 3

இப்போது கியர். பெட்டியின் தகட்டில் எழுதியது துருவில் போய்விட்டது. அதனால் கையால் அளக்க நினைத்தேன். முன் வலது சில்லை ஜக்கில் தூக்கி, பிளக்குகளைக் கழற்றி, ஐந்தாம் கியரில் விட்டு, கிராங் புல்லியில் வெள்ளைச் சோக்கால் ஒரு கோடு போட்டேன். நான் சில்லைக் கையால் திருப்ப, மகள் குந்தியிருந்து புல்லியின் கோட்டை எண்ணினாள். சில்லு 10 சுற்று, புல்லி 15 சுற்றும் கொஞ்சமும். அப்படியென்றால் மொத்த விகிதம் 1.52.

70 கிலோமீற்றரில் சில்லு நிமிடத்துக்கு 623 சுற்று. 1.52ஆல் பெருக்கினால் எஞ்சின் 947 சுற்று. சும்மா நிற்கும்போதே 800 ஓடுகிறது. எங்கேயோ பிழை, எங்கே என்று பிடிபடவில்லை.

பங்குனி 4

வாழைச்சேனையில் டிராக்டர் திருத்துகிற ஒருவர் ஒரே வரியில் கேட்டார்: "ஒரு சில்லு மட்டுமா தூக்கினீங்க?"

அதுதான். மற்றச் சில்லு நிலத்தில் அசையாமல் நிற்க, தூக்கிய சில்லைத் திருப்பினால், இரண்டு சில்லுக்கும் சுழற்சியைப் பகிர்கிற டிஃபரென்ஷியல் பெட்டி பாதிதான் சுற்றும். அதனால் நான் எண்ணியது பாதி. உண்மையான விகிதம் 3.03. இப்போது 70இல் 1,890 சுற்று வருகிறது, டாஷில் ஊசியும் அங்கேதான் நிற்கிறது. நேற்றைய குறிப்பை அழிக்காமல் விடுகிறேன், இன்னொருவர் இதே முறையில் அளந்தால் உதவும். இரண்டு சில்லையும் தூக்கித் திருப்பினாலும் சிக்கல்தான், ஒன்று எதிர்ப்பக்கம் சுற்றும். ஒன்றைத் தூக்கி இரண்டால் பெருக்குவதே நல்லது.

பங்குனி 10

மற்றக் கியர்களையும் அப்படியே அளந்தேன். என் பெட்டி சி50 வகை, கடைசிப் பல் 3.72. சி56உடன் பக்கத்தில் வைத்து ஒரு கொப்பித்தாளில் கணக்குப் போட்டேன். மொத்த விகிதம் மட்டும் சொல்கிறேன். இரண்டாம் கியர் என்னுடையதில் 7.09, சி56இல் 8.21. மூன்றாவது 4.88, அங்கே 6.00. நாலாவது 3.61, அங்கே 4.45. ஐந்தாவது 3.03, அங்கே 3.51.

மூன்றிலும் நாலிலும் 23 வீதம் கூட. அதே எஞ்சின், அதே பெற்றோல், சில்லில் 23 வீதம் கூடிய இழுவை. எஞ்சினை மாற்றினால் இந்த வேகத்தில் கிடைப்பது 6. என் கண்ணால் பார்த்தும் நம்ப முடியாமல் மகளிடம் கொடுத்துத் திரும்பப் பெருக்கச் சொன்னேன். அவளுக்கும் அதே விடை.

காத்தான்குடி பெரிய வீதியில், நடுவில் பேரீச்ச மரங்கள் நிற்கிற இடத்தில், 30 கிலோமீற்றரில் மூன்றாம் கியரில் போவேன். அங்கே என் எஞ்சின் 1,300 சுற்றில் முக்குகிறது. சி56 இருந்தால் 1,600. ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் இரண்டுக்கு இறக்கி மூன்றுக்கு ஏற்றி அலுத்துவிட்டது. நீ கேட்ட "உயிர் இல்லை" என்பது இதுவாகத்தான் இருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

பங்குனி 11

"கியரை ஒன்று இறக்கினால் அதே இழுவை கிடைக்குமே, அதற்கு ஏன் பெட்டி மாற்ற வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. நேற்று நான் 23 வீதம் என்று சொன்னது கொஞ்சம் கூடிப்போன பேச்சுத்தான். பெட்டி குதிரைவலுவை உண்டாக்காது. எஞ்சின் தருவது தருவதுதான்.

ஆனால் படிகளின் இடைவெளி மாறுகிறது. என் பெட்டியில் 6,000 சுற்றில் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போட்டால் 4,130க்கு விழும். சி56இல் 4,390. அந்த 260 சுற்று கேட்கும்போது சின்னது, ஓட்டும்போது எஞ்சின் மூச்சு விடாமல் தொடர்ந்து இழுக்கிற மாதிரி. இழப்பும் இருக்கிறது. 100இல் என் கார் 2,700 சுற்று, சி56இல் 3,130. கொழும்புக்கு அதிவேகப் பாதையில் அடிக்கடி ஓடுகிறவருக்குச் சத்தமும் பெற்றோலும் கூடும். நான் வருசத்தில் இரண்டு தரம்தான் போகிறேன்.

சித்திரை 17

புது வருசத்துக்குக் கண்டியில் சின்னம்மா வீட்டுக்குப் போய் வந்தோம். செங்கலடி, மகா ஓயா, பதியத்தலாவை, மகியங்கனை, பிறகு பதினெட்டு வளைவு. ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் 25 கிலோமீற்றருக்கு வந்துவிடும். முதலாம் கியர் அலறும், இரண்டாம் கியர் 1,600 சுற்றுக்குக் கீழே போய்த் திணறும். சி56 இருந்தால் அதே இரண்டாம் கியரில் 1,800க்கு மேல் நின்றிருக்கும் என்று வளைவுக்கு வளைவு எண்ணிக்கொண்டே ஏறினேன்.

இறங்கும்போதுதான் விசயம். ஒன்பதாவது பத்தாவது வளைவில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. காரில் அம்மா, மனைவி, மகள். இரண்டாம் கியரில் போட்டு, கைப்பிரேக்கையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஓரமான ஒரு இடத்தில் நிறுத்தினேன். அரை மணித்தியாலம் நின்று ஆறவிட்ட பிறகு பெடல் திரும்பி வந்தது. பிரேக் ஓயில் ஐந்து வருசமாக மாற்றவில்லை. அந்த ஓயில் காற்றிலிருந்து நீரை உறிஞ்சும், நீர் சேர்ந்தால் குறைந்த சூட்டிலேயே கொதித்து ஆவியாகும், ஆவியைப் பெடல் அமத்தினால் அது நசியும், பிரேக் பிடிக்காது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் வாழ்கிற நமக்கு இந்த ஈரம் இரட்டிப்பு.

தம்பி, எஞ்சினுக்கு என்று வைத்த காசில் முதலில் பிரேக்கைப் பார். டொட் 4 ஓயில், முன் பேட், பின் ட்ரம்முக்குள் சிலிண்டர் ரப்பர், பிரேக் ஹோஸ். இதை விவாதிக்க நான் வரவில்லை.

சித்திரை 18

நேற்று எழுதும்போது அப்பாவின் நினைவு வந்தது. அவர் களுவாஞ்சிகுடிச் சந்தியில் ஒஸ்டின் ஏ40 வைத்து ஹயருக்கு ஓடினார். 1,200 சீசி, நாலு கியர். மலை இறங்கும்போது "ஏறின கியரிலதான் இறங்கோணும்" என்பார். பிரேக்கை நம்பாத காலத்து ஆள். நான் அந்த வளைவுகளில் மூன்றாம் கியரில் இறங்கினேன், பிரேக்கை அமத்தி அமத்தி. இரண்டாம் கியரில் இறங்கியிருந்தால் ஓயில் பழசானாலும் அவ்வளவு சூடாகியிருக்காது.

வைகாசி 5

பிரேக் வேலை முடிந்தது. எஞ்சின் மவுண்ட்களில் இரண்டின் ரப்பர் பிய்ந்திருந்தது, மாற்றினோம். கியர் மாற்றும்போது வந்த "டக்" இல்லை. கியர்பெட்டி ஓயில் 75டபிள்யூ-90 போட்டோம், மூன்றாம் கியரின் கரகரப்புக் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. கியர்கள் முட்டாமல் சேர வைக்கிற சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது.

ஆனி 23

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. மத்தியானம் மட்டக்களப்பிலிருந்து வரும்போது முகத்தில் அடுப்பு ஊதுகிற மாதிரி. ஏசியும் போட்டு, 92 ஒக்டேன் பெற்றோலோடு நாலாம் கியரில் அமத்தினால் எஞ்சினில் கிலுகிலுவென்று சின்னத் தட்டல் கேட்கிறது. காற்று எவ்வளவு சூடோ அவ்வளவு சீக்கிரம் பெற்றோல் தானாக வெடிக்கப் பார்க்கும். என் 5ஏயிலேயே இப்படி. கறுப்பு மூடி 20 வால்வுக்கு அமுக்க விகிதம் 11க்கு 1. அது ஜப்பானின் உயர்ந்த பெற்றோலுக்காகச் செய்த எஞ்சின். நம் ஊரில் ஆனி ஆடியில் அதைத் தினமும் ஓட்டினால் 95க்குக் குறைந்து ஊற்றவே கூடாது, தேவைப்பட்டால் பொறி அடிக்கும் நேரத்தையும் கொஞ்சம் பின்னுக்கு வைக்க வேண்டும். பின்னுக்கு வைத்தால் குதிரைவலுவும் போகும்.

ரேடியேட்டரையும் பார்த்தேன். இதழ்கள் உப்பில் அரித்து, விரலால் தொட்டால் பொடியாகக் கொட்டுகிறது. புதிது போட வேண்டும். தட்டல் பாதி அதனால்தான்.

ஆனி 30

ரேடியேட்டர் புதிது, அதோடு பற்றரியிலிருந்து பொடிக்கும் எஞ்சினுக்கும் போகிற ஏர்த் வயர்களும். பழையதைக் கழற்றியபோது பித்தளைக் கண்ணியில் பச்சையாகப் பூத்திருந்தது. 95 ஊற்றி ஓடுகிறேன். தட்டல் இல்லை.

ஆடி 14

கொழும்பில் வாகனப் பாகங்கள் விற்கிற பஞ்சிகாவத்தைக்குப் போய் வந்தேன். இரவு பஸ்ஸில் போய், காலை ஏழு மணிக்கெல்லாம் இறங்கி, பத்துக் கடை ஏறி இறங்கினேன். சி56 தனியாக யாரிடமும் இல்லை. ஒரு கடையில் கறுப்பு மூடி எஞ்சினும் சி56உம் சேர்ந்த செட் ஒன்று கிடந்தது. இந்த எஞ்சின் வந்த கொரோலா லெவின் காரில் 1997க்குப் பிறகு ஆறு கியர்ப் பெட்டி வரும், இது அதற்கு முந்தியது. "பெட்டியைப் பிரித்துத் தரமாட்டேன், எடுத்தால் எல்லாம் எடுங்கோ" என்றார் கடைக்காரர். மத்தியானம் வரை நின்றும் விலை ஒரு ரூபாய் இறங்கவில்லை.

எடுத்துவிட்டேன். இரண்டு வருசக் காசு. அந்த எஞ்சினைப் பார்த்தபோது விட மனம் வரவில்லை என்பதும் உண்மை. நாலு காற்றுக் குழாய் வரிசையாக நிற்கிற அழகை நேரில் பார்க்காதவருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

லொறியில் வருகிறது. அச்சுத் தண்டுகள் இரண்டையும் கேட்டு வாங்கினேன், உன்னிடமும் சொல்கிறேன், தண்டு இல்லாமல் பெட்டி வாங்காதே. பல் ஒத்துவராவிட்டால் அலைய வேண்டும்.

ஆடி 21

வந்தது. எஞ்சினின் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டாவது துளைக்குள் டோர்ச் அடித்தால் சிலிண்டர்ச் சுவரில் கபில நிறத்தில் ஒரு வளையம், துரு. காற்றுக் குழாய்களை மூடாமல் திறந்தவெளியில் எத்தனை மழை நனைந்ததோ. கடையில் அதைப் பார்க்காமல் வாங்கியது என் தவறு. கையில் கமெராக் குழாய் இருந்தால் துளைக்குள் விட்டுப் பார்த்தே வாங்குங்கள், கையில் இல்லாவிட்டால் போய் வாங்கிக்கொண்டு திரும்பி வாருங்கள்.

அதை இனி போர் பண்ணி (சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி), பிஸ்டன் தேடி… இப்போதைக்குத் தார்ப்பாய் போட்டு மாட்டுக்கொட்டிலில் வைத்திருக்கிறேன், நாலு துளையிலும் ஓயில் ஊற்றி, காற்றுக் குழாய் வாயில் துணி அடைத்து.

ஆவணி 11

பெட்டி ஏறியது. காக்காவும் அவர் மகனும் நானும், இரண்டு நாள். பெட்டியைப் பிரித்து மூன்றாம் கியர் சிங்க்ரோ வளையத்தைப் பார்த்தோம், நன்றாக இருந்தது, ஓயில் சீல்களை மட்டும் மாற்றினோம். ஃபிளைவீலை லேத்தில் கொடுத்து முகம் எடுத்தோம். கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், பெயாரிங் மூன்றும் புதிது. பெட்டி கீழே இறங்கியிருக்கும்போது பெயாரிங்கை மாற்றாமல் விடுகிறவருக்கு ஆறு மாதத்தில் அதே கூலி இன்னொரு தரம்.

பெட்டியை நேராகப் பிடித்து உள்ளே தள்ளும்போது தண்டு கிளட்ச் தட்டின் நடுத்துளையில் போக மறுத்தது. மூன்று தரம் இறக்கி ஏற்றினோம். நாலாவது தரம் காக்கா பெட்டியைத் தன் நெஞ்சில் தாங்கி, "ஐஞ்சாம் கியரில விட்டு அச்சைக் கொஞ்சம் திருப்பு மகன்" என்றார். மகன் திருப்பினான். ஒரு சின்னச் சத்தம், பெட்டி தானாகவே வந்து ஒட்டியது.

ஆவணி 12

காலை ஆறு மணிக்கு ஆரையம்பதி தாண்டி, காத்தான்குடிக்குள் 30இல் மூன்றாம் கியர். கியர் தடியில் கை வைக்கவே இல்லை. ஊரைத் தாண்டி, கல்லடிப் பாலம் வரை அதே கியர். எஞ்சின் எதையும் கேட்காமல் இழுத்துக்கொண்டு போகிறது. வேலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் காருக்குள் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

புரட்டாதி 1

கேட்டவர்களுக்கு: ஸ்பீடோமீற்றர் பிழையாகாது. அதற்கான பல் டிஃபரென்ஷியலில் இருந்து சுற்றுவது, கடைசிப் பல் மாறினாலும் சில்லோடு ஒத்தே ஓடும். ஃபோனின் ஜிபிஎஸ்ஸோடு வைத்துப் பார்த்தேன், முன்பு காட்டிய அதே வித்தியாசம்தான். பெற்றோல்: முன்பு லீற்றருக்கு 13 கிலோமீற்றர், இப்போது 12.4. முன்பு என்பது நாலாவது சிலிண்டர் சரியான பிறகு எடுத்த கணக்கு.

கார்த்திகை 30

வெள்ளம். எல்லாருக்கும் தெரியும், அதைப் பற்றி எழுத இப்போது மனமில்லை. ஒன்று மட்டும். பம்பருக்குள் தாழ்வாக இறக்கிவைத்த காற்று வடிகட்டி போட்டிருப்பவர்கள் அதை இன்றே கழற்றிப் பழைய பெட்டியைப் போடுங்கள். ஒரு கோப்பை தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் போதும், தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்குகிற கொன்ரொட் வளையும். நம் ஊரில் மழைக்காலம் முடியும் வரை அந்தக் குளிர்காற்றுக் குழாய் வேண்டாம். நீர் நிற்கிற வீதியில் ஓட்டவே வேண்டாம்.

2025 தை 19

தம்பி நேற்று அக்கரைப்பற்றிலிருந்து தன் 110இலேயே வந்தான், பொங்கலுக்குப் பிறகு வருகிறேன் என்று சொன்னபடி. என் காரைக் கொடுத்தேன், கிரான்குளம் வரை ஓட்டிப் போய் வந்தான். பேசவே இல்லை. இறங்கி முன் மூடியைத் தூக்கிப் பார்த்தான். அதே 5ஏ.

பிறகு மாட்டுக்கொட்டிலில் தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினேன். அவனும் அந்த நாலு குழாயையும் விரலால் தடவிக்கொண்டே நின்றான். போர் பண்ணி அதைக் கட்டத்தான் போகிறேன், இரண்டு வருசமோ மூன்று வருசமோ. பதிந்து, காப்புறுதிக்கு எழுதி, முறையாக. ஆனால் அது என் ஆசைக்கு. தினமும் ஓடுவதற்கு வேண்டியது இப்போது காரில் இருக்கிறது.

தம்பி, நீ கொண்டுவந்த கம்பிரஷன் கணக்கைத் திரும்பப் பார்த்தேன். 172, 174, 151, 175. மூன்றாவதில் ஓயில் ஊற்றிப் பார்த்தாயா என்று கேட்க மறந்துவிட்டேன். பார்க்கவில்லை என்றால் பார்த்து எழுது. ஊசி ஏறாவிட்டால் சனிக்கிழமை பின்னேரமே காரைக் கொண்டுவந்து காக்காவின் கராஜில் விட்டுவிட்டுப் போ. கல்முனையிலிருந்து பஸ் இருக்கும். ஞாயிறு காலை எஞ்சின் குளிர்ந்திருக்கும், தகட்டுப் பெட்டியை எடுத்து வைக்கச் சொல்கிறேன்.